ஆணியைத் தாண்டிய மீன்கள்

மீன் நான் சாப்பிடுவதில்லை. முள் எடுக்கப் பொறுமை கிடையாது. இதைச் சொன்னால் என் தங்கை விழுந்து விழுந்து சிரிப்பாள். பதினோரு வருடமாக என் பிழைப்பே மீன் அறுப்பதுதான்.

ஒட்டாத சட்டிகளுக்குப் பூச்சு தயாரிக்கும் தொழிற்சாலையின் பரிசோதனைக்கூடத்தில் எனக்கு வேலை. எங்கள் கழிவுநீர் ஏரியில் போய்ச் சேருகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அங்கே பத்து மீன் பிடித்து, ஈரலை அறுத்து, பூச்சு ரசாயனம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அறிக்கை எழுதுவேன். பத்து மீன் என்றுதான் விதி சொல்கிறது. எவ்வளவு பெரிய மீன் என்று சொல்லவில்லை. அதனால் அளவுப் பலகையில் ஒரு சாண் தள்ளி ஓர் ஆணி அடித்துவைத்தேன். ஆணியைத் தாண்டி நீளும் மீன் பரிசோதனைக்கு வராது. மேலாளர் ஒருநாள் அந்த ஆணியைத் தடவிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. நல்ல மனிதர், யாரையும் சங்கடப்படுத்த மாட்டார்.

அந்த ரசாயனம் அழியாது. உடம்பை விட்டு எளிதில் போகவும் போகாது. புழுவைச் சின்ன மீன் தின்கிறது, சின்ன மீனைப் பெரிய மீன் தின்கிறது, எல்லாம் தின்றவன் உடம்பில் சேர்ந்துகொண்டே போகிறது. குஞ்சு மீனில் கொஞ்சம்தான் இருக்கும். அறிக்கையில் நான் ஒரு பொய்கூட எழுதியதில்லை. எடுத்துப் பாருங்கள்.

பெரிய மீன்களை என்ன செய்வது என்பதுதான் தலைவலி. கூடத்துக்குக் கொண்டுவந்தால் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். ஏரியிலேயே வீசினால் செத்து மிதக்கும், பார்ப்பவர்கள் வாய் சும்மா இருக்காது. போகிற வழியில்தான் தங்கை வீடு. அவள் கணவனுக்குப் பெரிய மீன் என்றால் உயிர். "மச்சான் வந்தாதான் இந்த வீட்ல வாய்க்கு ருசியா சோறு," என்பான்.

ஒரு மழைக்காலத்தில் ஏரிக்கரையில் மூன்று நீர்நாய்கள் செத்துக் கிடந்தன. ஒரு கிழட்டு ஆண், பால் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு தாய், அதன் குட்டி. யாரும் சொல்லாமல் நானாக அறுத்துப் பார்த்தேன். கிழட்டு ஆணின் ஈரலில் வந்த எண்ணைப் பார்த்ததும் இயந்திரம் கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி ஓட்டினேன். அதே எண். தாயிடம் அதில் பாதிகூட இல்லை. ஆனால் குட்டியிடம் தாயைவிட அதிகம். குட்டி மீனே தின்றிருக்காது, பல்கூடச் சரியாக முளைக்கவில்லை. தாய் தன் பாரத்தைப் பாலோடு இறக்கிவைத்துவிட்டது. அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அன்று பயந்தேன், அதை மறைக்கவில்லை.

தங்கைக்கு அப்போது ஐந்தாம் மாதம். அடுத்த தடவை வெறுங்கையோடு போனேன்.

"என்னண்ணே, மீன் எங்க?"

"கிடைக்கல."

"டாக்டரம்மா கேட்டாங்க, ஏரி மீன் சாப்பிடலாமான்னு. எங்கண்ணன்தான் அதை டெஸ்ட் பண்றாரு, அவரே கொண்டாந்து தர்றாருன்னு சொன்னேன். சரிதானே?"

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால், ஏன் என்பாள். காரணம் சொன்னால், இத்தனை வருடம் எப்படிக் கொடுத்தாய் என்பாள். அவள் புருஷன் வாயில் எதுவும் தங்காது. ஆணி, பலகை, அறிக்கை, எல்லாம் சந்தி சிரித்துவிடும்.

"நான்தானே பாக்கறேன். தாராளமா சாப்பிடு," என்றேன். அடுத்த தடவை வழக்கத்தைவிட ஒரு மீன் அதிகமாகவே கொண்டுபோனேன். சந்தேகம் வரக்கூடாது பாருங்கள்.

பெண் குழந்தை பிறந்தது. மூக்கு அப்படியே என் மூக்கு. மூன்றாம் மாதம் தங்கை வேலைக்குத் திரும்பியபோது, பாலைப் பீய்ச்சி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் போவாள். மாதம் ஒருமுறை அதில் ஒரு கரண்டி எடுத்துக்கொண்டேன். முதல் எண் பெரியது, அந்தத் தாளும் மடித்துச் சட்டைப்பைக்குள் போனது. பிறகு எண் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தது. பாலை நிறுத்தச் சொல்லியிருக்கலாம். அதற்கும் ஏன் என்பாள்.

போட்ட தடுப்பூசிகள் குழந்தை உடம்பில் பிடிக்கவில்லை என்று டாக்டரம்மா ரத்தம் எடுத்து அனுப்பினார். தடுப்பூசியைப் பிடிக்கவிடாத எங்கள் ரசாயனம் அதில் இருந்தது. அதனால்தான் இப்போது நீங்கள் விசாரிக்க வந்து என் எதிரில் உட்கார்ந்திருக்கிறீர்கள். உள்ளே போனதை வெளியே எடுக்க மருந்து இல்லை. அது உங்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். என்னால் ஆகக்கூடியது இனி எதுவும் இல்லை.

தெரிந்தே செய்தாயா என்று கேட்டீர்கள். தெரிந்தேதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள். தங்கையின் பாலில் கடைசியாகப் பார்த்த எண், முதல் எண்ணில் பாதிகூட இல்லை. அவள் உடம்பு சுத்தமாகிக்கொண்டு வருகிறது. ஓர் அண்ணனாக, அந்த மட்டில் எனக்கு நிம்மதி.