நான் சரிசெய்த டிஃபென்ஸ்

ஞாயிற்றுக்கிழமை மாட்ச்சுக்குப் போகும் முன் நான் வயிறு நிறைய மீன்குழம்பு ஊற்றிய மொஹிங்கா நூடுல்ஸ் சாப்பிட்டுவிடுவேன். தோற்கிற டீமை வெறும் வயிற்றோடு பார்க்க முடியாது. இது உங்களுக்கும் தெரிந்ததுதான். செல்லையா, முத்து முகம்மது, தமிழ்மணி, நீங்கள் மூன்று பேரும் இத்தனை வருடமாக இந்த டீக்கடையில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள். இன்றைக்கு எதிரே உட்கார்ந்து கேட்கிறீர்கள். கேளுங்கள். மறைக்க ஒன்றும் இல்லை. குரலை மட்டும் உயர்த்த வேண்டாம். நானும் உயர்த்தப் போவதில்லை.

நம் டீம் காலேஜ் டீம்தான், ஆனால் நான் அந்தக் காலேஜில் படித்தவன் இல்லை. இங்கே அலோனில் அதன் மைதானத்துச் சுவரை ஒட்டி வளர்ந்தவன். அந்த டீம் ஜெயித்தால் எனக்கு அன்று முழுக்க உடம்பு லேசாக இருக்கும். தோற்றால் வீட்டில் யாரோடும் பேச மாட்டேன். என் மனைவி அதற்குப் பழகிவிட்டாள். இந்த மழைக்காலத்தில் அவளோடு நான் பேசியதே குறைவு.

ஏனென்றால் நம் டிஃபென்ஸ் ஒரு கிழிந்த கொசுவலை. வந்தவன் போனவன் எல்லாம் கோல் போட்டான். ஷ்வேப்யிதா டீம் பையன்கள் நம் பெனால்டி ஏரியாவுக்குள் காலாற நடந்து வந்தார்கள். அதற்குப் பிறகு இதே மேசையில் நீங்கள் என்ன பேசினீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா?

"மூணு பேரை வச்சு ஆடுறான் அந்தக் கோச்சு. நாலு பேரை நிறுத்துனா தன்னால சரியாயிரும்" என்றார் செல்லையா.

"நாலு என்ன, அஞ்சு பேரை நிறுத்துங்க. யாரு எங்க நிக்கணும்னு அவனுங்களுக்கே தெரியல" என்றார் முத்து முகம்மது.

"கோல்கீப்பர் வாயையே தொறக்க மாட்டேங்கிறான், ஊ மாரி. பின்னால இருந்து அவன்தான கத்திச் சொல்லணும்?" என்று தமிழ்மணி வழக்கம்போல பர்மிய மரியாதையில் என்னைக் கூப்பிட்டுக் கேட்டான்.

நான் அப்போதே சொன்னேன். நாலும் வேண்டாம், அஞ்சும் வேண்டாம், சுரேந்திரனை எடுத்தால் போதும் என்றேன். நடுவில் நிற்கிறவன் அவன். ஒவ்வொரு கார்னருக்கும் பந்தைப் பார்த்துக்கொண்டே ஆளை விட்டுவிடுகிறான். நீங்கள் கேட்டீர்களா? செல்லையா அடுத்த டீ சொன்னார். முத்து முகம்மது சிரித்துக்கொண்டே, "அவனை எங்கியாச்சும் தூக்கிட்டுப் போனாத்தான் மாரியண்ணனுக்குத் தூக்கம் வரும்" என்றார். அது உங்கள் வாயிலிருந்து வந்த வார்த்தை. என்னுடையது அல்ல. மழைக்காலம் முழுக்க நீங்கள் பேசினீர்கள், சிரித்தீர்கள், எழுந்து போனீர்கள். பேசுகிறவர்கள் மேல் எனக்கு வருகிற கோபத்தை நான் யாரிடமும் காட்டியதில்லை.

சுரேந்திரன் மேல் எனக்குத் தனிப்பட்ட முறையில் எதுவும் கிடையாது. கியாக்தான் ஊர்ப் பையன். அப்பா தவறிய பிறகு இங்கே அத்தை வீட்டில் வந்து தங்கினான். படகுத்துறையில் நான் மேஸ்திரியாக இருக்கும் கிடங்கில் அவனுக்கு வேலை போட்டுக் கொடுத்ததே நான்தான். மூட்டை தூக்குவதில் சளைக்க மாட்டான். மதியம் சாப்பிடும்போது என் பக்கத்தில் வந்து உட்காருவான். ஒரு நாள் அப்படி உட்கார்ந்துதான் சொன்னான்.

"மாமா, இந்த வருசம் நான் காலேஜில சேரல. அம்மாவுக்கு அனுப்பணும்ல. கோச்சுக்கு மட்டும்தான் தெரியும். பழைய கார்டை வச்சுத்தான் ஆடிக்கிட்டிருக்கேன். யாருகிட்டயும் சொல்லிறாதீங்க மாமா."

சொல்ல மாட்டேன் என்றேன். படிக்கிற பையன்களைப் பட்டாளத்துக்கு உடனே கூப்பிடுவதில்லை, படிப்பை விட்டவனைக் கூப்பிடுவார்கள் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வெளியூர்க்காரர் தங்கினால் பதிய வேண்டும் என்று சட்டம் இருந்தும், அத்தை வீட்டில் அவன் தங்கியிருப்பதை வார்டு ஆபீஸில் பதியவும் இல்லை. பயம்தான். பயந்தவன் எப்படி டிஃபென்ஸில் நிற்பான்? அன்று சாப்பிடும்போதே எனக்கு அந்த யோசனை வந்தது. டீமைப் பற்றிய யோசனை.

பிறகு நாம் நாலு கோல் வாங்கித் தோற்ற அந்த மாட்ச். முடிந்ததும் மைதானத்தின் ஓரத்தில் அவனைக் கூப்பிட்டு, கார்னருக்கு எங்கே நிற்க வேண்டும் என்று சொன்னேன். நல்லவிதமாகத்தான் சொன்னேன். கொஞ்சம் சத்தமாக இருந்திருக்கலாம். அவன் தலையைத் துவட்டிக்கொண்டே, "மாமா, அவனுங்க டீம்ல பதினோரு பேருதான். நீங்க கத்துறதையும் சேத்தா பன்னெண்டு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். கோச் கோ நைங்குக்கு யாரோ பர்மிய மொழியில் மொழிபெயர்த்துச் சொன்னார்கள். அவரும் சிரித்தார். நீங்கள் மூன்று பேரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். வேடிக்கைப் பேச்சு எனக்கும் பிடிக்கும். அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை என்று என் மனைவி உங்களிடம் சொல்லியிருந்தால், அது வயிற்றுக் கோளாறு.

அடுத்த வாரம் என் மச்சான் வந்து தங்குவதைப் பதிய வார்டு ஆபீஸுக்குப் போனேன். அங்கே இருந்தவர்கள் சுரேந்திரனைப் பற்றிக் கேட்டார்கள். தெரிந்ததைச் சொன்னேன்.

சரியாகச் சொல்ல வேண்டுமானால், அவர்கள் கேட்கவில்லை. பட்டாளத்துக்கு அனுப்ப எங்கள் பகுதியில் இளவட்டம் யாரும் மிச்சமில்லையே என்று ஒருவர் அலுத்துக்கொண்டார். அதைக் கேள்வி மாதிரிதான் நான் எடுத்துக்கொண்டேன். அவன் காலேஜை விட்டதைச் சொன்னேன். அத்தை வீடு எது என்று சொன்னேன். வீட்டுக்குப் போனால் அக்கம்பக்கம் கூடும், பெண்கள் அழுவார்கள், படகுத்துறை வாசல்தான் வசதி என்றும் சொன்னேன். எதையும் கூட்டிச் சொல்லவில்லை. பொய் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை.

அவர்களோடு பேசிக் குறித்த நாளில் அவன் பாதி வேலையில் இருந்தான். நான் போய்த் தோளைத் தட்டி, "போதும்டா, இன்னைக்குச் சீக்கிரம் கிளம்பு. போயி ப்ராக்டிஸ் பண்ணு" என்றேன். அவன் முகம் எப்படி மலர்ந்தது தெரியுமா? என் மேல் வருத்தம் இருக்குமோ என்று இத்தனை நாளாக நினைத்திருந்தானாம். "அன்னைக்கு எல்லார் முன்னாடியும் அப்படிப் பேசியிருக்கக் கூடாது மாமா. மனசுல வச்சுக்காதீங்க" என்றான். எதைச் சொல்கிறாய் என்று கேட்டேன். பூட்ஸைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்துப் போனான். வேன் அங்கே நின்றுகொண்டிருந்தது.

நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. எனக்கு மூட்டைக் கணக்கு இருந்தது. அவன் மாமா மாமா என்று கூப்பிட்டதாகக் கிடங்குக் காவல்காரர் உங்களிடம் சொன்னார் இல்லையா? இருக்கலாம். ஆற்றில் ஒரு கப்பல் ஊதியது. எதற்காகக் கூப்பிட்டான் என்று எனக்குத் தெரியாது.

இப்போது விளைவைப் பாருங்கள். அடுத்த மாட்ச்சில் நம் பக்கம் ஒரு கோல்கூட விழவில்லை. எதிரணியில் ஒன்பது பேர்தான் வந்திருந்தார்கள், அதைத்தானே சொல்லப் போகிறீர்கள்? அவர்களில் ஒருவன் எல்லை தாண்டிப் போய்விட்டானாம், இன்னொருவனைப் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோய்விட்டார்களாம். அது அவர்கள் டீமின் பிரச்சினை. நம் கோல் போஸ்ட் சுத்தமாக இருந்தது. அன்று ராத்திரி நான் என் மனைவியோடு பேசினேன். சிரித்துக்கூடப் பேசினேன்.

அதற்குப் பிறகு நம் கோல்கீப்பரும் இரண்டு டிஃபெண்டர்களும் ப்ராக்டிஸுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்கள். சொந்த டீமிலிருந்தே ஒருவனைக் காட்டிக் கொடுத்துவிட்டார்கள் என்று பையன்கள் பேசிக்கொண்டார்களாம். கோ நைங் டீமைக் கலைத்துவிட்டார். அவசரப்பட்ட முடிவு. டிஃபென்ஸ் இப்போதுதான் ஒரு நிலைக்கு வந்திருந்தது. இன்னும் நாலு மாட்ச் பொறுத்திருந்தால் அவருக்கே புரிந்திருக்கும். இதைப் பற்றி நீங்கள் அவரிடம் போய்ப் பேசியிருக்கலாம். அங்கே போகவில்லை. என்னிடம் வந்திருக்கிறீர்கள்.

காவல்காரரை வைத்து நீங்கள் இவ்வளவு சுற்றி வளைத்திருக்க வேண்டாம். ஆம், அவனைப் பிடித்துக் கொடுத்தது நான்தான். வாசலில் நின்ற ஆட்களோடு அன்று காலையில் பேசியதும் நான்தான். நேராகக் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். அவன் அம்மா நேராகக் கேட்டார், அவரிடம் சொன்னேனே.

பவுனம்மா கியாக்தானிலிருந்து பஸ் ஏறி வந்து படகுத்துறை வாசலில் உட்கார்ந்திருக்கிறார். இப்போதும் அங்கேதான் இருப்பார். வருகிற போகிறவர்களிடமெல்லாம் மகனின் போட்டோவைக் காட்டிக்கொண்டிருந்தார். யாரும் நின்று பார்க்கவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எம்புள்ளைய எந்தச் சண்டைக்குக் கொண்டு போனாங்கன்னே தெரியல ஐயா. உங்களப் பத்தி நல்லபடியா சொல்லுவான். அவன் அப்படி என்ன தப்புப் பண்ணிப்புட்டான்?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. உங்களில் யாரும் அதைக் கேட்கவில்லை. கார்னர் வரும்போதெல்லாம் ஆளை விட்டுவிடுகிறான் என்றேன். அதனால்தான் அவனைப் பட்டாளத்துக்குப் பிடித்துக் கொடுக்க வேண்டியதாயிற்று என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். பாவம், ஃபுட்பால் தெரியாதவர். கார்னர் என்றால் என்ன என்று கேட்டார்.

ஒரு செங்கல் துண்டை எடுத்து சிமெண்ட் தரையில் கோல் போஸ்ட்டை வரைந்தேன். பந்து எங்கிருந்து வரும், இவன் எங்கே நிற்க வேண்டும், எங்கே நின்றான் என்று ஒவ்வொன்றாகக் குறித்துக் காட்டினேன். அவன் நின்ற இடத்தில் ஒரு வட்டம் போட்டேன். அவர் குனிந்து அந்த வட்டத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார். நான் எழுந்து வந்த பிறகும் கையை எடுக்கவில்லை.

பொறுமையாக எடுத்துச் சொன்னால் யாருக்கும் புரியும். அவருக்குப் புரிந்துவிட்டது.