நாப்பது நிமிஷ டெஸ்ட்

இடுப்புல இருக்கறது பேஜர் இல்லீங்க, மருந்து மிஷின். எனக்குச் சர்க்கரை. ஊசிக்குப் பதிலா இதுவே அப்பப்போ இன்சுலினை உள்ள விடும். கையில ஒட்டியிருக்கற இந்த வட்டம் சர்க்கரை எவ்வளவுன்னு போனுக்குச் சொல்லும், போன் கணக்குப் போட்டு மிஷினுக்குச் சொல்லும். இடிச்சா ஒண்ணும் ஆகாது, தாராளமா உக்காருங்க.

அந்தக் கணக்குப் போடற சாஃப்ட்வேர் கம்பெனி செஞ்சது இல்ல. எங்கெங்கேயோ இருக்கற அறுபது எழுபது பேர் சேந்து எழுதறோம். சம்பளமெல்லாம் கிடையாது, ஆளுக்கொரு துண்டு எழுதி அனுப்புவாங்க. வாங்கிப் பாத்துச் சேக்கறது ஒருத்தர். வாசல்காரர்னு கூப்பிடுவோம், அவரைத் தாண்டி ஒரு வரி உள்ள போகாது. சேத்ததெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகுதான்னு பாக்கறது நான்.

அங்கதாங்க வம்பே. தனித்தனியா பாத்தா எல்லாரும் நல்லவங்க. என் துண்டு சரியாத்தான் ஓடுதும்பாங்க. சேத்து ஓட்டினாத்தான் யார் யார் காலை மிதிக்கறாங்கன்னு தெரியும். வீட்ல ஒரு மேஜையில பழைய மிஷின், பழைய போன், குழாய் நுனி ஒரு அளவு கிளாஸுக்குள்ள. போனுக்கும் மிஷினுக்கும் இருக்கற இணைப்பை நடுவுல துண்டிச்சுட்டு மறுபடி குடுப்பேன். போட்ட மருந்தையே போன் இன்னொரு தடவை போடச் சொன்னா மிஷின் மாட்டேங்கணும். நாப்பது நிமிஷம் பிடிக்கும் அந்த டெஸ்ட். தேறினா கம்ப்யூட்டர்ல பச்சை, இல்லேன்னா சிவப்பு.

பத்துல ஒரு தடவை சிவப்பு வந்துது. ஏன்னு பிடிபடல. கோளாறு உங்க டெஸ்ட்லதான்னு ஆளாளுக்குச் சொன்னாங்க. வாசல்காரர் மட்டும், நீ சொல்றதுதான் எனக்கு வேதவாக்கு, சிவப்பு போகாம எதுவும் வெளிய போகாதுன்னாரு. நம்பினேன், மடச்சி.

ரெண்டு நாள் எங்க அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். புது சாஃப்ட்வேர் இன்ன தேதிக்கு வரும்னு வாசல்காரர் ஊரெல்லாம் சொல்லி வெச்சிருந்தாரு. திரும்பி வந்து பாத்தா எல்லாம் பச்சை. எது புதுசா வந்தாலும் முதல்ல நான்தான் என் உடம்புல போட்டுக்குவேன், அது எங்க வழக்கம். போட்டுக்கிட்டேன்.

போனைக் கீழ வெச்சுட்டு மாடியில துணி காயப்போட்டுட்டு வந்தேன். அவ்வளவுதான். இணைப்பு போய்த் திரும்பி வந்துது, மருந்து ரெண்டு தடவை இறங்கிடுச்சு. சர்க்கரை ஒரேடியா இறங்கி சமையல்கட்டுல சாஞ்சுட்டேன். பள்ளிக்கூடத்துலேருந்து வந்த என் பொண்ணுதான் பாத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டா.

ஆஸ்பத்திரிக் கட்டில்லயே லேப்டாப்பைக் கொண்டுவரச் சொல்லித் தேடினேன். ஒரே ஒரு வரி, வாசல்காரர் சேத்தது. இந்த டெஸ்ட்டை ஓட்டாம விடவும்னு. பக்கத்துல, தற்காலிகமா, அப்படின்னு ஒரு குறிப்பு. ஓட்டாத டெஸ்ட் எப்படிங்க தோக்கும்? பச்சைதான் காட்டும். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கோபம்கூட அப்புறம்தான் வந்துது, முதல்ல அவமானமா இருந்துது.

மத்தவங்களுக்கா? அன்னிக்கே எல்லாருக்கும் எழுதி நிறுத்திட்டேன். அதுக்குள்ள நாலு பேர்தான் போட்டிருந்தாங்க, நல்லவேளை, யாருக்கும் ஒண்ணும் ஆகல. இப்ப என் இடுப்புல ஓடறது பழசுதான்.

மன்னிப்பெல்லாம் கேட்டாரு. அழுதாரு. பத்துல ஒரு தடவைதானேன்னு நினைச்சேன்னாரு. அந்த ஒண்ணு யாருன்னு யோசிக்கலையா நீங்கன்னு கேட்டேன்.

என் ஸ்டாப் வந்துடுச்சு. அந்தப் பெட்டியைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க. பாத்து, கனமா இருக்கும், டெஸ்ட் மிஷினையும் சேத்துக் கொண்டுவந்துட்டேன். அக்கா வீட்ல ஒரு மேஜை இருக்கு. பொண்ணும் அங்கதான் இருக்கா.

யாரை, வாசல்காரரையா? நேர்ல பாக்காம என்ன, பதினாலு வருஷமா பாக்கறேன். என் வீட்டுக்காரர்தாங்க. இந்த சாஃப்ட்வேர்ல முதல் வரியை எனக்காகத்தான் எழுதினாரு. அன்னிக்கு நான் சமையல்கட்டுல கிடந்தப்போ பக்கத்து ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு, புதுசு வந்தாச்சுன்னு எல்லாருக்கும் அறிவிப்பு எழுதிக்கிட்டிருந்தாரு. அந்த அறிவிப்போட கடைசியில நன்றி சொல்ற பட்டியல் ஒண்ணு வரும். அதுல முதல் பேரு என்னோடதுங்க, எல்லாத்தையும் முழுசா டெஸ்ட் பண்ணிக் குடுத்ததுக்கு.