ஒரு ஸ்டாப் முன்னாடி

ஸ்ரீராம்புரம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஐம்பது தாண்டிய ஒரு கணவனும் மனைவியும்.

"ஒரு ஸ்டாப் முன்னாடி இறங்கி வீட்டுக்கு நடங்கன்னேன். நடக்க ஆரம்பிச்சப்புறம் சுகர் ஏறியிருக்கு. அது எப்படிங்க?"

கணவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"அந்த ஸ்டாப்புல பேக்கரி இருக்கா?"

"இருக்குது."

"என்ன தின்றீங்க?"

"நடக்கணும்னாலே பசிக்குதும்மா. ஒரு தேங்கா பன்னு, அவ்ளோதான்."

"தினமுமா?"

"ஞாயித்துக்கிழமை லீவுல்ல."

"சோத்த நிறுத்திட்டு ராகி முத்தேன்னு களி கிண்டிப் போடறேன், நீங்க பன்னு தின்னுட்டு வர்றீங்க. கால் புண்ணு இப்பதான் ஆறுச்சு. விரல எடுக்கணும்னு டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?"

"மறக்கல."

அந்த ஸ்டாப் வந்தது. அவர் எழுந்தார். அந்த அம்மாவும் எழுந்தார்.

"நீ எதுக்கு? உனக்கு முட்டி வலி."

"வலிச்சா வலிக்கட்டும். பேக்கரி இருக்கற பக்கம் நான் வரேன். நீங்க ரோட்டுப் பக்கமா நடங்க."

பஸ் நகரும்போது திரும்பிப் பார்த்தேன். பேக்கரி வாசலில் முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது அந்த அம்மாதான். அவர் பேக்கரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நடக்கச் சொல்லி மனைவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.