மாட்டிடம் முதலில் சொன்னவர்

கோபாலபுரத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறி என் முன் சீட்டில் அமர்ந்த இரு பெண்களில் மூத்தவர் சொன்னார்:

"மார்ல கேன்சர்னு டாக்டர் சொன்னத மொதல்ல எங்கூட்டு மாட்டுகிட்டத்தான் சொன்னேன்."

"ஏனுங்கக்கா, அண்ணங்கிட்ட சொல்லலீங்களா?"

"அப்பறஞ் சொன்னேன். அவரு அழுதாரு. நாந்தான் டீ வெச்சுக் குடுத்துத் தேத்துனேன். நாத்தனாகிட்டச் சொன்னேன். அவளுக்கும் டீ. இப்புடியே போனா ஊட்டுல சக்கரை தீந்துரும்."

"மாடு என்னங்க பண்ணுச்சு?"

"அதுபாட்டுக்கு அசை போட்டுச்சு. நாஞ் சொல்லி முடிக்கற வரைக்கும் அங்கயே நின்னுச்சு."

"கட்டிப் போட்ட மாடு எங்கீங்க போகும்?"

மூத்தவர் குலுங்கிச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "நாளைக்கு ஆப்பரேசன். பயமாத்தான் இருக்குது புள்ள."

இளையவர் பையிலிருந்து வறுத்த கடலையை எடுத்து வாயில் போட்டு, நிதானமாக மெல்லத் தொடங்கினார். கண் நிறைந்து வழிந்தபோதும் வாய் நிற்கவில்லை. மூத்தவர் பொள்ளாச்சி வரைக்கும் தன் பயத்தையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

இறங்கும்போது தோழியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உன்னையக் கட்டிக்கூடப் போடலையே புள்ள."