கொடியில் காய்ந்த உடுப்பு

"என்ர மகன் இப்ப லண்டன் ஆமியில ஹெலிகொப்டர் ஓடுறான். சண்டைக்குப் போற ஹெலி."

ஊர்காவற்றுறையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீற்றில் இருந்த அக்காவும் தங்கையும் பேசிக்கொண்டு வந்தார்கள். அக்கா லண்டனிலிருந்து வந்து தங்கை வீட்டில் நிற்கிறார். அக்காவின் ஃபோனில் மகனின் படம். தங்கை அதைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

"முதல் சின்னப் பிளேனிலதான் பழக்கினவங்கள். பிறகுதான் ஹெலி. கன பேரைக் கழிச்சுப்போட்டாங்கள், இவன் தப்பிட்டான். நெஞ்சில பைலட்மாரின்ர செட்டைச் சின்னம் குத்தேக்க நான் அழுதுபோனன்."

"இப்ப எங்க நிக்கிறான்?"

"சொல்லக்கூடாதாம். ஏதோ பாலைவனப் பக்கம். கெட்ட ஆக்களுக்குத்தானாம் அடிக்கிறது."

"ஓம், முந்தி இஞ்ச ஹெலியில வந்து எங்களுக்கும் அப்பிடிச் சொல்லித்தான் அடிச்சவங்கள்."

"உனக்கு எரிச்சலடி."

பஸ் மண்டைதீவைத் தாண்டிப் பண்ணைப் பாலத்தில் ஏறியது.

"எரிச்சலோ? முந்தநாள் வீட்டுக்கு மேலால ஹெலி போகேக்க என்ன செய்தனீங்கள்? கொடியில கிடந்த ஈர உடுப்பெல்லாத்தையும் இழுத்தெடுத்துக்கொண்டு குசினிக்குள்ள ஓடினீங்கள்."

"அது சண்டைக் காலத்துப் பழக்கம். உடுப்பைக் கண்டால் ஆக்கள் இருக்கினமெண்டு அடிப்பாங்கள் எண்டு அம்மா பழக்கினது."

"அப்ப அதை உங்கட மகனுக்கும் பழக்கிவிடுங்கோ. கீழ கொடி வெறுமையாக் கிடந்தால் வீட்டில ஆக்களில்லை எண்டு நினைக்கவேண்டாமெண்டு சொல்லுங்கோ. ஆரோ ஒரு தாய் இப்பத்தான் உடுப்பை இழுத்துக்கொண்டு உள்ள ஓடியிருக்கிறாள்."