வாய்க்காலில் இறங்கி நின்ற ஹில்யா

மேடையில் வீற்றிருக்கும் ஊராட்சித் தலைவர் ஆர்வோ அவர்களே, பாதிரியார் அவர்களே, மறைந்த ஹில்யாவின் மகள் ஏவி அவர்களே, சென்ற ஆண்டு கலைக்கப்பட்ட நம் ‘விடியல்’ கூட்டுப் பண்ணையில் பால் கறந்தவர்களே, டிராக்டர் ஓட்டியவர்களே, அனைவருக்கும் வணக்கம். பக்கத்து அறையில் கருப்பு ரொட்டியும் கறியும் காத்திருக்கின்றன. சுருக்கமாகவே பேசுகிறேன்.

என் பெயர் வால்டெக். மாவட்டக் கட்சிப் பத்திரிகையில் முப்பது ஆண்டுகள் நிருபராக இருந்தவன். நான் எழுந்ததும் பின்வரிசையில் இரண்டு பேர் வெளியே போனார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

நம் வேளாண் அதிகாரி ஹில்யா பார்ட்டல் இருபத்தெட்டு ஆண்டுகள் இந்தச் சதுப்பு மண்ணோடு மல்லுக்கட்டியவர். எந்த வயலில் எத்தனை நாள் தண்ணீர் நிற்கும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் இந்த ஊர் அவரை என்ன சொல்லி அழைத்தது? ‘மக்காச்சோள ராணி’ என்றுதானே? அந்தப் பெயரை வைத்தவர்கள் நீங்கள். வைக்க வழி செய்தவன் நான்.

1962 ஆகஸ்ட். எல்லாப் பண்ணையும் மக்காச்சோளம் போட வேண்டும் என்று மாஸ்கோ உத்தரவு. நம் எஸ்தோனியக் குளிரில் அது முழங்காலைத் தாண்டவில்லை. எங்கள் ஆசிரியரோ ஆளுயரப் பயிரின் படம் கேட்டிருந்தார். வயலோரம் வடிகால் வாய்க்கால் இருந்தது.

“தோழர், கொஞ்சம் இதுல இறங்கி நில்லுங்க” என்றேன்.

“இந்தப் பள்ளத்துல நின்னா புல்லுகூட மரமாத்தான் தெரியும்” என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் படம் எடுத்தேன்.

படத்தின் கீழே ஒரு வாசகம் வேண்டும். அவர் சொன்னதை அச்சில் ஏற்ற முடியுமா? நானே ஒன்று எழுதினேன். “தீவனப்புல் விளைந்தது போதும், அந்த நிலத்தையும் மக்காச்சோளத்துக்குக் கொடுப்போம்.” கீழே அவர் பெயரைப் போட்டேன்.

அடுத்த வசந்தத்தில் அந்த வாசகமே உத்தரவாக வந்தது. ஹில்யா மாவட்ட அலுவலகத்துக்கு ஓடினார். அங்கிருந்த அதிகாரி பத்திரிகையை விரித்துக் காட்டினாராம். “பேப்பர்லயே வந்திருக்கு. அப்புறம் சொல்லவே இல்லைன்னா எப்படித் தோழர்?” தீவன வயல் உழப்பட்டது. அதில் போட்ட மக்காச்சோளமும் விளையவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் தீவனமின்றி எழ முடியாத மாடுகளைக் கயிறு கட்டித் தூக்கி நிறுத்தினீர்கள். மேட்டா அவர்களே, உங்கள் பொறுப்பில் இருந்தவற்றில் பதினொரு மாடுகள் செத்தன. தொழுவ வாசலில் ஹில்யாவை மறித்தீர்கள். “நீ பல்லைக் காட்டினதுக்கு என் மாடு சாகுது. இனி இந்தப் பக்கம் வராத.”

அடுத்த கோடையில் விடியுமுன் ரயில்பாதைக் கரையில் புல் அறுத்தது யார்? ஹில்யா. வாய்க்கால் ஓரப் புல்லை உலர்த்திக் கட்டியது யார்? ஹில்யா. தொழுவத்தில் அது எப்படி வந்து சேர்ந்தது என்று யாரும் கேட்கவில்லை.

ஒரே ஒருமுறை என்னிடம் வந்தார். “நான் அப்படிச் சொல்லலைன்னு ரெண்டு வரி போடுங்க, போதும்.”

“பத்திரிகையில இடமில்லை தோழர்” என்றேன். அந்த வாரம் கடைசிப் பக்கத்தில் பாதி சர்க்கஸ் விளம்பரம். எனக்கு வேலை போய்விடும் என்ற பயம். வேறு காரணம் கிடையாது. வெட்கமாக இருக்கிறது.

மறைந்தவர் விட்ட பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொல்லி முடிப்பது இத்தகைய கூட்டங்களின் வழக்கம். அவர் செய்தது விவசாயம், அது எனக்கு வராது. எனக்கு வருவது எழுத்து மட்டும்தான். வரும் வியாழக்கிழமை, இப்போது கட்சியில்லாமல் நடக்கும் அதே பத்திரிகையில் முதல் பக்கத்தில் வரும்: “ஹில்யா பார்ட்டல் அதைச் சொல்லவில்லை. எழுதியவன் நான்.” கீழே என் முழுப் பெயர் இருக்கும்.

அந்த இரண்டு வரியைக் கேட்டவரை இன்று காலை அடக்கம் செய்துவிட்டோம். மேட்டா அவர்களே, நீங்களாவது படியுங்கள்.