பிள்ளைகள் இலையை மடித்த விதம்

பெட்ரோல் கிடைக்காத சண்டைக் காலம். வாடிப்பட்டியில் கரியில் ஓடும் பஸ் நின்றுவிட, கிளீனர் அதன் கரி அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தான். என் முன்சீட்டில் ஒரு துண்டுக்காரர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்:

"பிள்ளைக இலையை மடிச்சதுல எந்தங்கச்சி கல்யாணம் நின்னுபோச்சுண்ணே."

"என்னப்பா சொல்ற?"

"நிச்சயத்துக்கு வந்தவுக முன்னால, எங்க வீட்டுப் பிள்ளைக அம்புட்டும் சாப்பிட்ட இலையை வெளிப்பக்கமா மடிச்சிருச்சுக, எழவு விழுந்த கேத வீட்டுல மடிக்கிற மாதிரி. உறவு வேணாங்கிறீகளான்னு கேட்டு எந்திரிச்சுப் போயிட்டாக."

"பந்தியில எப்படி நடந்துக்கிறணும்னு பிள்ளைகளுக்குச் சொல்லிக்குடுக்க வேணாமா?"

"ஒரு வாரமாப் பழக்குனதுண்ணே. சிந்தக் கூடாது, உறிஞ்சக் கூடாது, பெரியவுக எந்திரிக்காம எந்திரிக்கக் கூடாது. அதுலயெல்லாம் ஒரு குத்தஞ் சொல்ல முடியாது. இலையிலதேன் கோட்டை விட்டுருச்சுக."

"யாரு பழக்குனது?"

"கல்யாணப் பொண்ணுதேன்."

"மாப்பிள்ளைக்கு என்ன வயசு?"

"எனக்கு மூத்தவருண்ணே. ரெண்டாந்தாரமாக் கேட்டாக."

பஸ் உறுமிக்கொண்டு கிளம்பியது.

"பிள்ளைகள நல்லாத்தேன் பழக்கியிருக்கு" என்றார் மற்றவர்.